அழுமூஞ்சிச் சங்கத்தின் புதன்கிழமை

டீயில் ஆடை கட்டிவிட்டது. சூடாக இருக்கும்போதே குடித்திருக்கலாம். இந்த ஆஸ்பத்திரி கேன்டீன் டீயை ஆறவிட்டுக் குடிப்பதும் விளக்கெண்ணெய் குடிப்பதும் ஒன்றுதான் என்று ஆவுடைச்செல்விக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் டம்ளரை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, ஆடை சுருங்கிச் சுருங்கி ஓரத்துக்கு ஒதுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினால் எதிர் நாற்காலியில் நிலோஃபர் இருக்கிறாள். பிரசவ டாக்டர் நிலோஃபர், சின்னப் பெண், மேலப்பாளையத்துக்காரி, முக்காட்டைத் தாடைக்குக் கீழே எப்போதும் ஒரே இடத்தில் ஒரே ஊசியால் குத்தியிருப்பவள். அந்த ஊசி வரைக்கும் பார்வையை ஏற்றலாம். அதற்கு மேலே முகம் ஆரம்பித்துவிடும், அங்கே போக ஆவுடைச்செல்விக்குத் துணிச்சல் இல்லை. மயக்க டாக்டர் என்று ஊரெல்லாம் பேர், தலைமுடி பாதி நரைத்தாயிற்று, எத்தனையோ ஆயிரம் பேரைத் தூங்கவைத்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிய கைகாரி, ஒரு சின்னப் பெண்ணின் முகத்துக்குப் பயந்து டீயைப் பார்க்கிறாள். நல்ல கூத்து. இது கடைசிப் புதன்கிழமை, அவ்வளவுதான், இன்றைக்கு ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போய்விடலாம். சாயங்காலத்துக்குள் கண் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லியாகவேண்டும், வருகிறேன் அல்லது வரவில்லை என்று. வருகிறேன் என்றுதான் சொல்லப்போகிறாள், பாதி மனசு ஏற்கெனவே அங்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. தனியார் கண் ஆஸ்பத்திரி, குளுகுளுவென்று ஏசி, கண்புரைக்கு வருகிற பெரியவர்கள், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பு ஊசி, கூடவே உட்கார்ந்து நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் அவர்களே எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் யாரும் சாவதில்லை. சில வாரமாக இந்த ஒரு நினைப்புதான் அவளைத் தூங்கவைக்கிறது. ஊருக்கே தூக்கம் கொடுப்பவளுக்குத் தூக்கம் வர இப்படி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது. புருஷன் கதிர்வேலிடம் சொன்னபோது, 'உனக்கு எது நிம்மதியோ அதச் செய்' என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார். புருஷன்மார்கள் சொல்கிற பதில்களிலேயே உருப்படாத பதில் அதுதான். நிம்மதி எது என்று தெரிந்தால் எதற்கு அவரிடம் கேட்கிறாள்.

மேலே மின்விசிறி டக் டக் என்று ஒரு சுற்றுக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு ஓடியது. இது முன்னே மாவுக்கட்டுப் போடுகிற அறை. எலும்புப் பிரிவு புதுக் கட்டடத்துக்குப் போனபிறகு சும்மா பூட்டிக் கிடந்ததை, தோல் டாக்டர் அமலோற்பவம் யார் யாரையோ நச்சரித்துச் சாவி வாங்கிவிட்டாள். எவ்வளவு கழுவியும் ஜன்னல் கம்பியில் இன்னும் வெள்ளையாக மாவு அப்பிக்கொண்டிருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்தால் சேலையில் ஒட்டும். புதன்கிழமை மத்தியானம், ஓ.பி. கூட்டம் கலைந்ததும், வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டு, செல்போனைக் கிட்னி ட்ரேயில், காயம் கட்டும்போது பஞ்சு போடுகிற அந்த வளைந்த ஸ்டீல் தட்டில், போட்டுவிட்டு வட்டமாக உட்காரவேண்டும். டாக்டர்கள் டாக்டர்களிடம் மனசுவிட்டுப் பேசவேண்டும், அதுதான் ஏற்பாடு. சங்கத்துக்குப் பேர் ஒன்றும் வைக்கவில்லை, ஆஸ்பத்திரியே வைத்துவிட்டது, அழுமூஞ்சிச் சங்கம். 'இன்னைக்கு எத்தனை பக்கெட் மேடம்?' என்று மாடிப்படியில் எதிர்ப்படுகிற ஆம்பளை டாக்டர்கள் கேட்பார்கள். 'வாங்க, நீங்க வந்தா ஒரு பக்கெட் கூடும்' என்பாள் அமலோற்பவம், அவளுக்கு வாய்க்கு ஒன்றும் பஞ்சம் இல்லை. கேலி செய்தவர்களில் முதல் ஆள் எலும்பு டாக்டர் பேச்சிமுத்து. இப்போது ஒரு வாரம் தவறாமல் முதலில் வந்து மின்விசிறியைப் போடுகிறவரும் அவர்தான். முதல் புதன்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அமலோற்பவம் ஆரம்பித்துவைக்கிறேன் என்று, ராத்திரியில் தூக்கமே வருவதில்லை, எதைக் கண்டாலும் எரிச்சலாக வருகிறது என்று சொல்லி வாயை மூடவில்லை, 'தைராய்டு பாத்தீங்களா?' என்றார் பேச்சிமுத்து. இன்னொருவர் ரத்தத்தில் இரும்புச் சத்தைக் கேட்டார். ஆவுடைச்செல்வி, கடவுளே, ஒரு மாத்திரையின் பெயரையும் அதை எப்போது போடவேண்டும் என்பதையும் சொன்னாள். ஒருத்தி மனசைத் திறந்தால் மூன்று பேர் மருந்துச் சீட்டை எடுத்துவிட்டார்கள். அமலோற்பவம் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, 'நான் சொன்னத யாராவது கேட்டீங்களா?' என்றாள். அன்றைக்குத்தான் சட்டம் வந்தது. மாவுக்கட்டுச் சுருள் ஒன்று இந்த அறையிலேயே கிடந்து நமத்துக் கல்லாகிவிட்டது, அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் யோசனை சொல்லக்கூடாது, மருந்து சொல்லக்கூடாது, ஆறுதல்கூடச் சொல்லக்கூடாது. பேசி முடித்தவர் தனக்குப் பிடித்த ஆளிடம் சுருளைக் கொடுக்கலாம், வாங்கியவர் தன் கதையைத்தான் சொல்லவேண்டும், முன்னவர் கதைக்குப் பதில் சொல்லக்கூடாது. மீறினவர் எல்லார் டம்ளரையும் கழுவவேண்டும். பேச்சிமுத்து அநேகமாக எல்லா வாரமும் கழுவுகிறார்.

இப்போது சுருள் அவர் கையில்தான் இருந்தது. இன்றைக்கு நாலே பேர், மற்றவர்கள் டூட்டியில் மாட்டிக்கொண்டார்கள். அவர் சுருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றிப் பிடித்தபடி பேசினார். "திசையன்விளைப் பக்கத்து ஆளு. பனையேறி. விழுந்துட்டான். முதுகெலும்பு போச்சு. ஆப்பரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது, ஆனா இடுப்புக்குக் கீழ உசுரு வராது. எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. காலைல ரவுண்ட்ஸ் போனா, 'சார், எப்பம் ஏறலாம்'னு கேக்கான். நடக்கலாமான்னு கேட்டாக்கூடப் பரவால்ல, ஏறலாமான்னு கேக்கான். நான் 'பாப்போம்'ங்கேன். மறுநாளும் பாப்போம். இப்பம் அந்த வார்டுக்கு முன்வாசல் வழியாப் போகாம, பின்பக்கம் படியேறிச் சுத்திப் போறேன், அவன் கட்டில் முன்வாசல் பக்கம்லா கெடக்கு." அவர் நிறுத்தினார். ஆவுடைச்செல்வி அவர் நெற்றியோரத்தில் நரம்பு துடிப்பதைப் பார்த்தாள், இவருக்கு ரத்த அழுத்தம் இருக்கும், மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார், போட்டாலும் ஊறுகாயை விடமாட்டார், என்று மனசு தன்பாட்டுக்கு ஓடியது, சீ, மறுபடியும் மருந்துச் சீட்டு. கேள், கேட்க மட்டும் செய். பின்பக்கம் படியேறிப் போகிற பேச்சிமுத்துவை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷம்தான் இந்த அறையின் ரகசியம், வெளியில் சொன்னால் நம்பமாட்டார்கள். எட்டாள் பலத்தோடு இடுப்பெலும்பை இழுத்து உட்காரவைக்கிற மனுஷன், ஒரு கட்டிலைத் தாண்ட முடியாமல் சுற்றிப் போகிறார் என்றால், சுற்றிப் போகிறவள் தான் ஒருத்தி மட்டும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்திலிருந்து காற்று வந்தது. மத்தியானக் காற்று, சலவைக்கூடத்து வெந்நீர் வாடையும் வேப்பம்பூ வாசமும் கலந்தது, இந்தக் காற்றுக்காகவே இந்த நாற்காலியில் வந்து உட்காருவாள். கண் ஆஸ்பத்திரியில் ஜன்னலே கிடையாது. போய்ப் பார்த்தபோது அதைக் கவனித்திருந்தாள், ஆனால் ஜன்னல் இல்லை என்பதற்காக ஒருத்தி வேலையை வேண்டாம் என்பாளா.

அவளுக்கு இந்த வேலை பிடிக்கும், அதுதான் சங்கடம். யாரும் கும்பிட்டு நன்றி சொல்கிற வேலை இல்லை இது. கத்தி பிடித்தவரின் பேரைத்தான் குழந்தைக்கு வைப்பார்கள், மயக்க டாக்டர் யார் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது, நினைவே இல்லாமல் செய்வதுதானே அவள் தொழில். சந்தையில் எதிர்ப்படுகிறவர்கள் அவளைத் தாண்டிப் போவார்கள், இந்தத் தழும்புக்கு நான்தானே பக்கத்தில் நின்றேன் என்று அவளுக்கு மட்டும் தெரியும், கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே சிரித்துக்கொள்வாள். அந்த மறதி அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு ஆள் தன் பயத்தை முழுசாக இன்னொரு ஆள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறான், திரும்ப வாங்கிக்கொள்ள மறந்தே போகிறான், இதைவிடப் பெரிய நம்பிக்கையைப் புருஷன் பெண்டாட்டிக்குள்கூடப் பார்க்கமுடியாது. மயக்கம் கொடுக்கும்முன் அவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள், வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பாள், பயந்தவர்கள்கூட அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். இசக்கியம்மாளும் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கக்கூடாதா. மாசி மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை. 'கூட்டாஞ்சோறு கிண்டுனேன் டாக்டரம்மா, வலி எடுத்துட்டு, ஒரு வாய்கூட வைக்கல, இவுக சாப்புடக் கூடாதுன்னுட்டாக' என்று நர்ஸைக் கைகாட்டிக் குறைசொன்னாள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்தாயிற்று, முழிப்பாகத்தான் இருந்தாள், பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் நிலோஃபர், இந்தப் பக்கம் தலைமாட்டில் தான், நடுவில் இசக்கியம்மாளின் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது, முருங்கைக்கீரை போட்டால்தான் கூட்டாஞ்சோறு, போடாவிட்டால் வெறும் சோறு என்று. பிள்ளை வந்தது, பெண், வந்ததும் கத்தியது, இசக்கியம்மாள் தலையைத் திருப்பிப் பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள், சிரித்தது சத்தியம். 'நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது டாக்டரம்மா.' அதற்குப் பிறகு வாய் ஓய்ந்துவிட்டது. பனிக்குடத்துத் தண்ணீர் ரத்தத்தில் ஏறிவிட்டால் அப்படித்தான், யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, யார் மேலும் தப்பு இல்லை, பெரிய டாக்டர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து ஆராய்ந்து அப்படித்தான் சொன்னார்கள், அவளுக்கும் அது புத்தியில் ஏறியிருக்கிறது. புத்தியில் ஏறியது கைக்கு வந்து சேரவில்லை. நிலோஃபர் பலகை போட்டு ஏறி நின்று நெஞ்சை அமுக்கினாள், இவள் தொண்டைக்குள் மூச்சுக்குழாயை இறக்கினாள், மருந்தைச் செலுத்தினாள், மறுபடி செலுத்தினாள், ரத்தம் ஏற்றினார்கள், மானிட்டரில் நாடிக்கோடு நேராகவே போயிற்று, நிலோஃபர் அமுக்கிக்கொண்டே இருந்தாள். யாராவது ஒருவர் சொல்லவேண்டும். அறையில் மூத்தவள் இவள்தான். 'போதும்மா, விடு' என்றாள். நிலோஃபர் விடவில்லை. எட்டி, அந்த இரண்டு கை மேலும் தன் கையை வைத்து நிறுத்தினாள். அப்போது நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் இன்றுவரை தாண்ட முடியவில்லை.

எழுப்பி அனுப்புகிறவள் ஒருத்தியை எழுப்பாமல் விட்டாள், எழுப்பப் பார்த்த பிள்ளையின் கையையும் தடுத்தாள். அந்தப் பார்வைக்கு வேறு அர்த்தம் இருக்க வழியே இல்லை என்று ஆவுடைச்செல்வி முடிவுகட்டிவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து 'மேடம், ஆரம்பிக்கலாமா' என்று வரும், 'ம்' என்று இங்கிருந்து போகும், அவ்வளவுதான். இவளும் சும்மா இருக்கவில்லை, வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் தியேட்டர் டூட்டியைக் கெஞ்சிக் கூத்தாடித் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். திங்கட்கிழமை போனால், கை கழுவுகிற தொட்டியில் முழங்கை வரைக்கும் நுரையோடு நிலோஃபர் நிற்கிறாள். சரி என்று வியாழக்கிழமைக்கு மாறினாள், வியாழக்கிழமையும் நிலோஃபர். விட்டாலும் விடமாட்டாள் போலிருக்கிறதே, வேண்டுமென்றே துரத்துகிறாளோ, கணக்குத் தீர்க்கப் பார்க்கிறாளோ என்று ராத்திரியெல்லாம் புரண்டாள், அந்தச் சமயம் பார்த்துத்தான் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் கூப்பிட்டார்கள். போதும். கண்புரைப் பெரியவர்களோடு மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். அவர்களும் என்ன சமையல் என்றால் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கேள்வியை மாசியிலிருந்து அவள் யாரிடமும் கேட்கவில்லை, வாய் வருவதில்லை.

"செல்வி மேடம், டீ ஆறிட்டுல்லா, வேற சொல்லட்டுமா?" என்றார் பேச்சிமுத்து. பேசி முடித்துவிட்டார் போலிருக்கிறது, முகம் கழுவினமாதிரி தெளிந்திருந்தது.

"பேச்சிமுத்து, சுருளு இன்னும் ஒங்க கையிலதான் இருக்கு. அதுக்குள்ள உபசாரமா?" என்றாள் அமலோற்பவம்.

"டீ குடிக்கச் சொல்லுதது யோசனையில சேருமா மேடம்?"

"சேரும்."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வட்டத்தை ஒரு முறை பார்த்தார். தன் பக்கம் வரக்கூடாது என்று ஆவுடைச்செல்வி மறுபடி டீக்குள் குனிந்துகொண்டாள், இத்தனை வாரமும் வாங்கி வாங்கி, 'எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லாத்தான் போகுது' என்று சொல்லி அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட்டவள், இன்றைக்கும் அதையே சொன்னால் போயிற்று, அப்புறம் இந்த அறைக்கு வரவே வேண்டாம். பேச்சிமுத்து சுருளை நிலோஃபர் மடியில் மெல்லத் தூக்கிப் போட்டார். அவளும் வாங்கி வாங்கித் தள்ளிவிடுகிறவள்தான். இப்போதும் தள்ளிவிடுவாள், அமலோற்பவம் சிரித்துப் பேசி முடித்துவைப்பாள், கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ஆவுடைச்செல்வி மனசுக்குள் எழுந்துகூட நின்றுவிட்டாள்.

நிலோஃபர் தள்ளவில்லை. சுருளை இறுக்கிப் பிடித்ததில் விரல் நகமெல்லாம் வெளுத்தது. "நான் டூட்டிய மாத்திட்டே இருக்கேன்" என்றாள். "ஒருத்தங்க மொகத்தப் பாக்க முடியல. அவங்க வெள்ளிக்கிழமை வருவாங்கன்னு நான் திங்கக்கிழமைக்கு மாறினேன். பாத்தா அவங்க திங்கக்கிழமை நிக்காங்க. வியாழனுக்கு மாறினேன், வியாழனும் நிக்காங்க. எங்க உம்மாகிட்ட சொல்லி அழுதேன், அவங்க என்னைத் தேடித் தேடி வாராங்க உம்மா, என்னை விடமாட்டாங்கன்னு." பேச்சிமுத்துவின் வாய் லேசாகத் திறந்தது, அமலோற்பவம் அவரை ஒரு பார்வை பார்த்தாள், வாய் மூடியது. ஆவுடைச்செல்விக்குக் காதுக்குள் இரைந்தது. திங்கள், வியாழன், கடவுளே, ரெண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தி ஒளிந்து ஓடி ஓடி ஒரே மூலையில் போய் முட்டியிருக்கிறோம், டூட்டி போடுகிற கிளார்க் என்ன நினைத்திருப்பான், சிரிக்கலாமா, இந்த இடத்தில் சிரித்தால் எத்தனை டம்ளர் கழுவவேண்டும், ஆனால் ஏன் ஓடினாள், ஓடவேண்டியவள் நான், இவள் ஏன். நிலோஃபர் குரல் இறங்கிவிட்டது. விசிறிச் சத்தத்துக்கு நடுவில் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது.

"அன்னைக்கி நான் நிறுத்தியே இருக்கமாட்டேன். எனக்குப் புத்தியில்லாம இல்ல, படிச்சிருக்கேன், கோடு நேராப் போயிட்டுன்னா தெரியும். ஆனா கை நிக்கமாட்டேங்குது. பிள்ளை அந்தப் பக்கம் அழுதுட்டு கெடக்கு, அது அழுத சத்தம் கேக்கக் கேக்க நான் அமுக்குதேன். அந்தச் சத்தத்துக்கு அவ எந்திரிச்சிருவான்னு. நான் பாட்டுக்கு ராத்திரி வரைக்கும் அமுக்கிருப்பேன், மறுநாள் வரைக்கும் அமுக்கிருப்பேன். அப்ப ஒரு கை வந்து என் கைமேல விழுந்துது. அவ்வளவுதான். அந்தக் கை மட்டும் வரலன்னா நான் இப்பவும் அங்கனதான் நின்னுட்டிருப்பேன், நெசமாத்தான் சொல்லுதேன், வீட்டுக்கு வந்து சோறு தின்னுருக்கமாட்டேன். அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லப் போனா அழுதுருவேன். அழுதா என்ன நெனப்பாங்க, இது தியேட்டருக்கு லாயக்கில்லாத பிள்ளைன்னுதான் நெனப்பாங்க. நான் நிமிந்து பாத்தப்பவே என் மொகம் எப்படி இருந்துதோ, அத அவங்க பாத்துட்டாங்க. அதனாலதான் ஓடுதேன். இவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருக்கு."

சட்டப்படி யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. எவன் போட்ட சட்டம், என்று ஆவுடைச்செல்விக்குள் ஒரு ஆங்காரம் எழுந்தது, இந்தப் பிள்ளையை எழுந்து போய்க் கட்டிக்கொள்ளக்கூடாது என்று ஒரு சட்டம் இருக்குமானால் அது நாசமாய்ப் போகட்டும். ஆனால் எழுவதற்குள் மனசு மாசி மாதத்துக்கு ஓடியது, அந்தப் பார்வையை எடுத்து வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கண் விரிந்திருந்தது, சரி. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அதுவும் சரி. ஏன் நிறுத்தினாய் என்று அந்தக் கண் கேட்டதாக யார் சொன்னது? இவளேதான் சொல்லிக்கொண்டாள். அந்தக் கண்ணுக்குள் தன் வார்த்தையைத் தானே எழுதிப்போட்டு, அதைத் தானே தினம் படித்துத் தானே பயந்து, புருஷன்மேல் எரிச்சல்பட்டு, கண் ஆஸ்பத்திரி வரைக்கும் போய் நாற்காலி பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இத்தனை காலம் அந்தப் பிள்ளை வேறு ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்திருக்கிறது. பத்துத் தப்படி தூரத்தில். தொட்டியில் கை கழுவும்போது முழங்கை முழங்கையோடு இடிக்கிற தூரத்தில். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாக, மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வருகிற மாதிரி இருந்தது, மூச்சு அப்படிப் போய் எத்தனை நாளாயிற்று. அவள் மடியில் எதுவோ கனமாக வந்து இறங்கியது. நிலோஃபர் எழுந்து நடந்து வந்து சுருளை மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லாத்தான் போகுது. வாக்கியம் பழக்கத்தில் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. ஆவுடைச்செல்வி அதை விழுங்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பேராசிரியர் முன்னால் நிற்கிற மாணவி மாதிரி ஆரம்பித்தாள். "இருபத்தாறு வயசுப் பொண்ணு, ரெண்டாவது பிரசவம், முன்னால எந்தக் கோளாறும் கிடையாது, முதுகுல ஊசி போட்டு..."

"செல்வி" என்றாள் அமலோற்பவம், மெதுவாக. "கேஸ் வேண்டாம்."

கேஸ் வேண்டாமென்றால் பின்னே எப்படிச் சொல்வது. இத்தனை வருஷமும் எல்லாவற்றையும் வயசில் ஆரம்பித்து அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், அம்மா செத்துப்போனபோதுகூடச் சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் போனில் சொன்னாள், எழுபத்தொரு வயசு, சர்க்கரை உண்டு என்று. சுருளை மூக்கருகே கொண்டுபோனாள். பழைய சுண்ணாம்பு வாசம் அடித்தது, புதுசாக வெள்ளையடித்த வீட்டுக்குள் போனமாதிரி. "அவ கூட்டாஞ்சோறு கிண்டிட்டு வந்தா" என்றாள். சொன்னதும் கண் நிறைந்துவிட்டது, நிறையட்டும், பேர்தான் ஏற்கெனவே வைத்தாயிற்றே. "ஒரு வாய் திங்கல. முருங்கைக்கீரை போட்டேன்னு சொன்னா. எனக்கு அதுக்கப்புறம் யாருட்டயும் என்ன சமையல்னு கேக்க வாய் வரல. போதும்னு சொன்னது நான்தான். யாராவது சொல்லணும், நான் சொன்னேன், சொன்னது சரிதான், இன்னைக்கும் அதத்தான் சொல்லுவேன். ஆனா சொல்லிட்டு எனக்குப் பயமா இருந்துது. ஒரு பிள்ளை கையத் தடுத்தேன். என் கை அப்படி நடுங்குச்சு. இருபது வருஷத்துல நடுங்காத கை. சின்னவங்க முன்னால நடுங்குதது தெரிஞ்சிறக்கூடாதுன்னுதான் அவ்வளவு அழுத்தி வச்சேன்."

"தெரிஞ்சுது மேடம்."

சுருள் இங்கே இருக்கிறது, குரல் எதிர் நாற்காலியிலிருந்து வந்தது. அமலோற்பவம் கையைத் தூக்கினாள், சட்டத்தைச் சொல்லத்தான் தூக்கினாள், தூக்கின கையை அப்படியே இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நடுங்குச்சு" என்றாள் நிலோஃபர். "அதனாலதான் நிறுத்தினேன். நீங்க போதும்னு சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல மேடம். ஒங்க கை நடுங்கினதுதான் தெரிஞ்சுது. மேடத்துக்கே இப்படி இருக்குன்னா, சரி, முடிஞ்சிட்டுன்னு அப்பதான் தெரிஞ்சுது. சும்மா கல்லு மாதிரி ஒரு கை வந்து தடுத்திருந்தா தட்டிவிட்டுட்டு மறுபடியும் அமுக்கிருப்பேன்."

ஆவுடைச்செல்வி இப்போது நிமிர்ந்து பார்த்தாள். ஊசிக்கு மேலே முகம் இருந்தது, மூக்கு சிவந்து, இமையெல்லாம் ஒட்டிக்கொண்டு, அழுத சின்னப் பெண்ணின் முகம், வேறு ஒன்றும் இல்லை. எத்தனை வாரமாக இதற்கா பயந்தோம். தன் கையை விரித்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள், உள்ளங்கையில் மாவு வெள்ளையாக அப்பியிருந்தது, இந்தக் கையைத்தான் மூட்டைகட்டி, நடுங்க வேண்டிய அவசியமே இல்லாத இடமாகப் பார்த்துக் கொண்டுபோய் விடப் பார்த்தாள். விசிறி டக் டக் என்றது, கீழே யாரோ ட்ராலியை உருட்டிக்கொண்டு போனார்கள், எங்கோ ஒரு குழந்தை தடுப்பூசிக்கு ஊரைக் கூட்டியது. மனசு நிறைந்து அப்படியே நின்றது, அது பாட்டுக்கு எங்கும் ஓடாமல் நின்று ரொம்ப நாளாயிற்று. கிட்னி ட்ரேக்குள் ஒரு செல்போன் தட்டோடு சேர்ந்து அதிர்ந்தது. எட்டிப் பார்த்தாள். தன்னுடையதுதான், அவர்கள்தான், சாயங்காலம் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை.

"எடுக்காண்டாம்" என்றாள் சத்தமாகவே. "கண் ஆஸ்பத்திரியிலருந்து கூப்பிடுதாங்க. வரலன்னு அப்புறமாச் சொல்லிக்கிடுதேன்."

"கண் ஆஸ்பத்திரியா?" பேச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "கண்ணுல என்ன மேடம், மங்கலாத் தெரியுதா? தலைவலி உண்டா? சக்கரை எப்பம் பாத்தீங்க?"

அமலோற்பவத்துக்கு அடக்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். ஆவுடைச்செல்வியும் சிரித்தாள், கண்ணில் நீர் ஒரு பக்கம் வழிய வழியச் சிரித்தாள். பேச்சிமுத்து என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நிலோஃபர் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. மேடம் வேலையை விடப்போகிறார் என்று நர்ஸ்கள் பேசுவது அவள் காதிலும் விழுந்திருக்கும்.

"போயிரணும்னு இருந்தீங்களா மேடம்?"

"ஆமா."

"என்னாலயா?"

"ஒன்னாலன்னு நெனச்சேன். என்னாலதான்." சுருளை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். அதற்கு மேல் அது யார் கையிலும் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. "வெள்ளிக்கிழமை எங்க இருப்ப?"

நிலோஃபர் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எங்க இருப்பீங்க?"

"தியேட்டர்ல. தலைமாட்டுல."

"அப்ப நானும் அங்கனதான் மேடம்."